குதிரைப்படைத் துப்பாக்கியும் ஓர் அண்டா வெந்நீரும்

என் வாழ்நாளில் நான் கையில் பிடித்துப் பார்த்தது ஒரே ஒரு துப்பாக்கி. என் கண்முன் அது யாரையும் சுடவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் வலது கண் அதனால் போயிற்று. அதில் என் படிப்புக்கும் பங்குண்டு. கல்லூரியில் படித்ததைச் சொல்லவில்லை, அதனால் எனக்கோ பிறருக்கோ எந்த விளைவும் ஏற்பட்டதில்லை. பத்து வயதிலிருந்து பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து வாசித்த கௌபாய் காமிக்ஸைச் சொல்கிறேன்.

2010 வாக்கில் ஒரகடம் பக்கத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் இருந்தேன். பழைய இரும்பை உலையில் உருக்கி, கார் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் பாகங்களை வார்க்கிற இடம். நான் உருக்கவும் மாட்டேன், வார்க்கவும் மாட்டேன், எழுதுவேன். தரச்சான்றுக் கோப்பு, பாதுகாப்புக் கையேடு, கழிப்பறைக் கதவில் ஒட்டுகிற அறிவிப்பு எல்லாம் என் படைப்புகள். இவற்றில் கழிப்பறை அறிவிப்புக்கு மட்டுமே வாசகர்கள் இருந்தார்கள்.

பழைய இரும்பு வெளிநாடுகளிலிருந்து கன்டெய்னரில் வரும். யார்டில், தகரக் கொட்டகைக்குக் கீழே, ஆறு பெண்கள் அதைப் பிரிப்பார்கள். எல்லாரும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். அலுமினியம் ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், ரப்பர் ஒட்டியது ஒரு பக்கம். வாய் மூடிய குழாயோ டப்பாவோ கண்ணில் பட்டால் அதைத் தனியாக எடுத்துவைத்து, வெட்டித் திறந்த பிறகே உலைக்கு அனுப்ப வேண்டும். உள்ளே ஒரு மடக்குத் தண்ணீர் தங்கியிருந்தாலும் போதும், ஆவியாகி, உருகிய இரும்பைக் கூரை வரை வீசிவிடும். இதைப் பாதுகாப்புக் கையேட்டில் நான்தான் எழுதியிருந்தேன், தடித்த எழுத்தில்.

கையேட்டில் இல்லாத ஒரு வழக்கமும் அங்கே உண்டு. இரும்போடு மரம் ஒட்டிக்கொண்டு வரும். சம்மட்டிக் காம்பு, வண்டிச் சட்டம், பழைய மேசைக் கால் என்று ஏதாவது. அதைச் செதுக்கிப் பிரிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. எனவே சனிக்கிழமை மாலை, முறைவைத்து ஒரு பெண் அந்தக் கட்டைகளைச் சிமெண்டுச் சாக்கில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவார். ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் அடுப்பில் எரிப்பார். திங்கட்கிழமை காலையில் சாம்பலைச் சலித்து, மிஞ்சிய ஆணி, பூண், பட்டை எல்லாவற்றையும் அதே சாக்கில் கொண்டுவந்து குவியலில் கொட்டிவிடுவார். கம்பெனிக்கு மரம் இல்லாத இரும்பு, அவர்களுக்கு இரும்பு இல்லாத விறகு. யாரும் எழுதிக் கேட்கவில்லை, யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. ஓர் ஆணிகூடக் காணாமல் போனதில்லை.

அந்த வாரம் வந்தது அமெரிக்கச் சரக்கு. ஏதோ ஒரு பண்ணையைத் துடைத்து அள்ளியிருக்கிறார்கள். கலப்பைக் கொழு, முள்வேலிக் கம்பி, அடுப்புக் கதவு, கை அகலத்துக்குக் குதிரை லாடங்கள். சனிக்கிழமை பகலில் யார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஆறு பேரில் மூத்தவர் எதையோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும், பக்கத்து ஊர்க்காரர், தேவாலயத் தெருவில் வீடு. மற்ற பெண்களுக்கு அவர் அக்கா.

"இன்னா சார் இது? குழா மாரியும் கீது, கட்ட மாரியும் கீது. எந்தப் பக்கம் போடறது?"

வாங்கிப் பார்த்தேன். கிரிக்கெட் மட்டையைவிடக் கொஞ்சம் நீளம், அதைவிட மூன்று பங்கு கனம். குட்டைக் குழல். வலப்பக்கம் கட்டைவிரல் பருமனில் ஒரு சுத்தியல். விசைக்குக் கீழே, கையை நுழைத்து இறக்குகிற நெம்புகோல். இடப்பக்கம் ஒரு கம்பி, அதில் துருப்பிடித்த வளையம். குதிரைவீரன் தோள்வாரில் மாட்டிக்கொள்ளும் வளையம் அது. பதினெட்டு ஆண்டுகள் அச்சில் மட்டும் பார்த்த பொருள் என் கையில் இருந்தது. குதிரைப்படைக் கார்பைன்! ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோட்டா போடாமல், நெம்புகோலை இறக்கி ஏற்றிச் சுட்டுக்கொண்டே போகலாம். இதை நான் வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"சாரு சினிமாவுல போலீசா இருந்தாரா?" என்று அந்த அம்மா பக்கத்துப் பெண்ணிடம் கேட்டார். "மூஞ்ச பாரு. பொண்ணு பாக்கப் போன மாரி கீது."

யார்டு சூப்பர்வைசர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயது. அவர் சிரிக்கவில்லை, போய் ஜெனரல் மேனேஜரை அழைத்துவந்தார். மேனேஜர் துப்பாக்கியைத் தொடாமல், அதைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார்.

"போலீசுக்குச் சொல்லிருவமா சார்?" என்றார் சூப்பர்வைசர்.

"சொல்லு. கன்டெய்னருக்கு சீல் வெப்பான், யார்டுக்கு சீல் வெப்பான். அப்புறம் உலைக்கு எதப் போடுவே, உன் தலையவா?" என்று மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் நெறைய படிக்கிறவரு. உள்ள குண்டு கிண்டு இருக்கா, பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா ஒடச்சு உருக்கிடலாம். இரும்பு இரும்புதானே?"

நிறையப் படிக்கிறவர் என்று ஒருவர் என்னைச் சொன்னால் அன்று முழுதும் எனக்கு மூளை வேலை செய்யாது. வெல்டிங் கம்பி ஒன்றைக் குழலுக்குள் விட்டேன். கடைசி வரை போயிற்று, எதுவும் தடுக்கவில்லை. பிறகு உரையாற்றினேன். இந்த வகைத் துப்பாக்கியில் தோட்டாக்கள் சுடுகுழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் வரிசையாக இருக்கும், ஆயிரம் படத்தில் பார்த்திருக்கிறேன், இதில் அந்தக் குழாயையே காணோம், எவனோ எப்போதோ கழற்றிவிட்டான், ஆகவே காலி.

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "சார், எங்கூர்ப் பக்கம் பட்டாசு மருந்து வேலை. இது வெடிக்காதுன்னு சொன்னவன்லாம் இப்ப போட்டோவுல மாலையோட தொங்குதான். ஒரு நாள் தண்ணித் தொட்டியில கெடக்கட்டும் சார். சும்மா சொல்லுதேன்."

"நூத்தம்பது வருஷமா நனையாத மழையா?" என்றேன். "இன்னும் ஒரு நாள் நனைஞ்சா சளி பிடிக்கும், அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். என் நகைச்சுவை ஒரு கூட்டத்தை முழுசாக வென்ற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்று வென்றது. சூப்பர்வைசர் சம்மட்டியை எடுத்தார். நான் ஒரு தாளில் 'கண்ணால் பரிசோதிக்கப்பட்டது, தோட்டா இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன்.

இரண்டாவது அடியில் துப்பாக்கி கழுத்தில் முறிந்தது. குழலும் சுத்தியலும் நெம்புகோலும் ஒரு துண்டு, தோளில் அழுத்திப் பிடிக்கும் பின்கட்டை மறு துண்டு. கட்டையின் முறிந்த முகத்தில் மண்ணும் துருவும் இறுகிய ஓர் இரும்பு வட்டம் தெரிந்தது. அந்த அம்மா அதை விரலால் சுரண்டினார்.

"உள்ள இரும்பு கீதே சார்."

"மரம் ஒடையாம இருக்க உள்ள ஒரு கம்பி குடுத்திருப்பான்மா" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. விளக்கம் தானாகவே வந்தது.

குழல் துண்டு அன்று மாலைக்குள் உலைக்குப் போயிற்று. பின்கட்டை, வழக்கப்படி, விறகுச் சாக்குக்கு. அந்த வாரம் முறை அந்த அம்மாவுடையது. சாக்கில் அதை நானே போட்டேன். "அக்ரூட் மரம், நின்னு எரியும். நாளைக்கு அமெரிக்காக்காரன் விறகுல குளிங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சாக்கைத் தலையில் ஏற்றினார்.

திங்கட்கிழமை சாக்கு மட்டும் வந்தது. கொண்டுவந்தவர் அவருடைய கணவர். கொட்டகை வாசலிலேயே நின்றார்.

"இரும்பு சார். கொணாந்துட்டேன்."

"அவங்க வரலையா?"

"பட்டணத்துல கண்ணாஸ்பத்திரில கீது சார். நேத்து கோயிலுக்குப் போறதுக்கு வெந்நி வெச்சுது. கட்டைய உள்ள தள்ளக் குனிஞ்சுது. மூணு தபா பட்டாசு மாரி வெடிச்சிது சார். அடுப்பே பிச்சிக்கினு போச்சு. என்னாவோ ஒண்ணு சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணுல ஏறிக்கிச்சு."

அவரே தொடர்ந்தார்: "அதுதான் சொல்லி அனுப்பிச்சுது. இரும்ப திங்கக்கெழம குட்துடணும், இல்லன்னா அடுத்த தபா கட்ட தரமாட்டாங்கன்னு. சரியா கீதான்னு பாத்துக்கோ சார்."

சாக்கைக் குவியல்மேல் கவிழ்த்தார். ஆணிகள், ஒரு பூண், துப்பாக்கிக் கட்டையின் அடியில் இருந்த இரும்புத் தகடு. அப்புறம் ஒரு குழாய், ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி விரிந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சுருள்வில் நீட்டிக்கொண்டிருந்தது. மரம் உடையாமலிருக்க வைத்த கம்பிக்குச் சுருள்வில் எதற்கு?

அலுவலகத்துக்குப் போய்க் கணினியில் தேடினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் அதற்குப் பின் எல்லைப்புறத்திலும் குதிரைப்படை வைத்திருந்த கார்பைன். குறுக்குவெட்டுப் படமே போட்டிருந்தார்கள். தோட்டாக் குழாய் சுடுகுழலுக்கு அடியில் இல்லை. பின்கட்டைக்குள், தோளில் அழுத்தும் மரத்தின் வயிற்றுக்குள், ஏழு தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக. பின்னாலிருந்து சுருள்வில் தள்ளிக்கொண்டே இருக்கும். என் காமிக்ஸில் வந்தவை பிறகு வந்த வேறு வகைத் துப்பாக்கிகள். ஓவியர்கள்மேல் தவறில்லை, அவர்கள் பார்த்ததை வரைந்தார்கள். சனிக்கிழமையும் அதே கணினி அதே மேசையில்தான் இருந்தது. அந்த இரண்டு நிமிடமும் நான் யார்டில் பேசிக்கொண்டிருந்தேன்.

இதைத் தெரிந்துகொண்டபோது மணி பத்தரை. அந்தக் குவியல் மதியம் இரண்டு மணிக்குத்தான் உலைக்குப் போகும். கிழிந்த குழாய் அதுவரை குவியலின் மேலேயே கிடந்தது. இறங்கிப் போய் எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கலாம். ஐம்பது அடி தூரம். நான் போகவில்லை. அது உலையில் கரைந்த பிறகு யார்டு பக்கம் போய் வந்தேன்.

ஒப்பந்தக்காரர் சுறுசுறுப்பானவர். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, நேரே வாசலுக்குப் போய், அந்த அம்மாவின் பெயரை உள்ளே விடும் பட்டியலிலிருந்து அடிக்கச் சொன்னார். அவர் கணக்கில், அந்த அம்மா கம்பெனி மரத்தைத் திருடினார், வீட்டில் எரித்தார், வீட்டில் அடிபட்டார். வேலையில் நேர்ந்த விபத்து இல்லை என்பதால் காப்பீடும் இல்லை, சிகிச்சைக்கு யாரும் பொறுப்பு இல்லை, வேலையும் இல்லை. இதை உடைக்க ஒரே ஒரு வழி. மரத்தை நாங்கள்தான் கொடுத்தோம், அதற்குள் இன்னது இருந்தது என்று உள்ளிருக்கும் யாராவது எழுதித் தர வேண்டும். எழுதுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள் அங்கே ஒருவன்தான் இருந்தான்.

மூன்று வாரம் நான் எழுதவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த வாரங்களில் முடித்த வேலைகளில் ஒன்று, கேன்டீன் கை கழுவும் இடத்துக்கான அறிவிப்பு.

நான்காவது வாரம் அந்த அம்மாவே வந்தார். வாசலில் விடவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆள் அனுப்பினார். வலது கண்மேல் பச்சைத் துணி. மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுமேல் நகத்துணுக்கு அளவில் ஒரு செம்புத் தகடு.

"டாக்டரு கண்ணுல இருந்து எடுத்தாரு. இது இன்னான்னு கேட்டாரு. எனக்கு இன்னா தெரியும்? உனக்குத் தெரியும்னு வந்தேன்."

சொல்லிவிட்டேன். துப்பாக்கித் தோட்டா என்றும், அது கட்டைக்குள் இருந்தது என்றும், நான் வேறிடத்தில் தேடினேன் என்றும். அவர் தீப்பெட்டியை மூடி மடியில் செருகிக்கொண்டார்.

"அன்னிக்கு உனக்குத் தெரியாதா சார்?"

"தெரியாதும்மா."

"தெர்லன்னு சொல்லிக்கலாமே சார். உன்ன யாரு இன்னா கேக்கப் போறாங்க? அந்தத் தம்பி தண்ணில போடலாம்னுச்சே."

என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். திட்டு வாங்கிச் சமாளிப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அன்று மாலை எழுதினேன். நான்கு பக்கம், ஒன்றையும் விடவில்லை. துப்பாக்கி, சம்மட்டி, என் கையெழுத்து, நானே சாக்கில் போட்டது, திங்கட்கிழமை திரும்பி வந்த குழாய். மேனேஜர் படித்துவிட்டு, "நல்லா வந்திருக்கு சார்" என்றார். அதற்கு என்ன பொருள் என்பது விசாரணையில் புரிந்தது.

நான் எழுதிக் கொடுத்ததன் பேரில் வைத்த அந்த விசாரணை கேன்டீனில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒப்பந்தக்காரர் அமர்த்திய ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர்தான் விசாரணை அதிகாரி. எதிரே அந்த அம்மாவும் கணவரும். வக்கீல் என் நான்கு பக்கத்தையும் மேசைமேல் தட்டி அடுக்கினார்.

"சார், நீங்க வாரப் பத்திரிகைல நகைச்சுவைக் கட்டுரை எழுதுவீங்களாமே? மேனேஜர் சொன்னார். எங்க வீட்லகூடப் படிப்பாங்க."

எழுதுவேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"ஒரகடத்துல குதிரைப்படைத் துப்பாக்கி!" என்று அவர் முதல் பக்கத்தை விரலால் தட்டினார். "பிரமாதம். எங்க அது இப்போ?"

"உருக்கிட்டாங்க."

"அந்தக் குழாய்?"

"அதையும் உருக்கிட்டாங்க."

"நீங்க கையெழுத்துப் போட்ட தாள்?"

மேனேஜரைப் பார்த்தேன். அப்படி ஒரு தாள் தன்னிடம் வரவில்லை என்றார். கோப்புகளைப் பாதுகாப்பது டாகுமென்டேஷன் ஆபீசரின், அதாவது என்னுடைய, பொறுப்பு என்பதையும் நினைவூட்டினார். நான் சாட்சிக்கு வரச்சொல்லியிருந்த சூப்பர்வைசர் முந்தின வாரமே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். என்னைப் பேசவிடாமல் செய்யவும் இல்லை. துப்பாக்கி எந்தக் காரின் எஞ்சினைத் தாங்கிக்கொண்டு எந்த ஊரில் ஓடுகிறதோ என்று நான் சொன்னபோது கேன்டீன் ஆட்கள்கூடப் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் சொல்கிற விதம் எனக்கு அப்படியே பழகிவிட்டிருந்தது, வேறு விதமாகச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த அம்மா தீப்பெட்டியை மேசைமேல் வைத்தார். வக்கீல் திறந்து பார்த்தார்.

"செம்பு. வெந்நீர் அண்டா செம்புதானேம்மா?"

"அலுமினியம் சார்."

"பூண் எதாவது செம்புல இருந்திருக்கும்." மூடித் திருப்பிக் கொடுத்தார். வீட்டு அடுப்பில் நேர்ந்த விபத்து என்று முடிந்தது. திருட்டை மட்டும் பெரிய மனசு வைத்துத் தள்ளுபடி செய்தார்கள். வேலைக்கு எடுக்க முடியாது, ஏனெனில் யார்டில் வேலை செய்ய இரண்டு கண்ணிலும் பார்வை சரியாக இருக்க வேண்டும் என்று பாதுகாப்புக் கையேடு சொல்கிறது. பக்கம் பதினொன்று. வக்கீல் அதை எனக்கே வாசித்துக் காட்டினார். என்னுடைய நடைதான்.

என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. நீக்கும் அளவுக்கு நான் எதையும் நிரூபித்துவிடவில்லை.

வெளியே வந்ததும் அந்த அம்மா என்னை வாசல் ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், ஒரு பேப்பர் குடு. நாலு வருசம் இரும்பு பிரிச்சவன்னு. மறைமலை நகர் பக்கம் ஒரு யார்டுல ஆள் எடுக்கறாங்களாம். கண்ணப் பத்தி எழுதாத. கருப்புக் கண்ணாடி போட்டுக்கினு போறேன். வெயிலுக்குன்னு சொல்லிக்கறேன்."

"அங்க தலைக்கு மேல கிரேன் ஓடும்மா. வலது பக்கத்துல இருந்து வந்தா உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான். இன்னா பண்ணச் சொல்ற? எதனா வேற வேல வெச்சிக்கீறியா?"

இல்லை. உள்ளே போய், கம்பெனி பெயர் அச்சிட்ட தாளில், ஆங்கிலத்தில், நான்கு ஆண்டு அனுபவம், நேர்மையானவர், கவனமானவர் என்று தட்டச்சு செய்தேன். மூன்றும் உண்மை. கண்ணைப் பற்றி எழுதவில்லை. கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் தாளை இடது கண்ணுக்கு அருகில் பிடித்து, படிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்ணப் பத்தி ஒண்ணும் இல்லியே?"

"இல்லம்மா."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் தலையாட்டினார். பிறகு, என் முன்னாலேயே, வாசல் செக்யூரிட்டியிடம் போய்த் தாளைக் கொடுத்து, "தம்பி, இதுல இன்னா போட்டுக்கீதுன்னு ஒரு தபா படிச்சுச் சொல்லு" என்றார்.